ஒரு நாளில் ஆயிரம் மைல்!

மோட்டார் சைக்கிள் நெடும் பிரயாணத்தின் கணக்கும் கட்டுப்பாடும்

மோட்டார் சைக்கிளில் ஏறி உட்கார்ந்தால் 24 மணி நேரத்துக்குள் 1,000 மைல் ஓட்டி முடித்துவிட்டுத்தான் ஓய்வது என்று ஒருவர் சொன்னால், கேட்பவர்கள் முதலில் சிரிப்பார்கள். பிறகு அவருடைய வீட்டாரை நினைத்துக் கவலைப்படுவார்கள். 1,000 மைல் என்பது 1,609 கிலோ மீட்டர். சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குச் சுமார் 700 கிலோ மீட்டர் தூரம். அங்கே போய்க் கடலைப் பார்த்துவிட்டு, அப்படியே சென்னைக்குத் திரும்பி வந்தாலும் இன்னும் 200 கிலோ மீட்டர் பாக்கி இருக்கும்! இவ்வளவையும் ஒரு பகல், ஓர் இரவுக்குள், இரண்டு சக்கரத்தின் மேல் உட்கார்ந்து முடித்தாக வேண்டும்.

இதைச் செய்வதற்கென்றே ஒரு கூட்டம் இருக்கிறது. அவர்கள் உயிரை வெறுத்தவர்கள் அல்ல. பந்தய மைதானத்தில் பறக்கிறவர்களும் அல்ல. உத்தியோகம் பார்க்கிறவர்கள், வியாபாரிகள், ஓய்வு பெற்றவர்கள், பேரக் குழந்தைகளைக் கண்ட பாட்டிமார்கள் உட்பட எல்லாரும் அந்தக் கூட்டத்தில் உண்டு. அவர்களிடம், “இதற்கு என்ன வேண்டும்? நல்ல வண்டியா, நல்ல தைரியமா?” என்று கேட்டால், அனுபவசாலிகள் இரண்டையும் முதலில் சொல்ல மாட்டார்கள். ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு உட்காரச் சொல்வார்கள்.

இரும்பு ஆசனக்காரர்கள்

அமெரிக்காவில் ‘அயர்ன் பட் அசோசியேஷன்’ என்று ஒரு சங்கம் இருக்கிறது. பெயரைத் தமிழில் கௌரவமாகச் சொல்வதானால் ‘இரும்பு ஆசனச் சங்கம்’ என்று சொல்லலாம். எத்தனை மணி நேரம் உட்கார்ந்தாலும் நோகாத ஆசனம் உடையவர்கள் என்பது பொருள். உலகிலேயே கடினமான மோட்டார் சைக்கிள்காரர்கள் தாங்கள்தான் என்பது அவர்கள் தங்களுக்கே சூட்டிக்கொண்ட விருது.

இந்தச் சங்கத்தில் சேர சந்தா மட்டும் கட்டினால் போதாது. 24 மணி நேரத்தில் 1,000 மைல் ஓட்டியதற்கு அத்தாட்சி காட்ட வேண்டும். இந்த முதல் பரீட்சைக்கு ‘சேடில் சோர் 1000’ என்று பெயர். குதிரைச் சேணத்தில் வெகு நேரம் உட்கார்ந்தவனுக்கு உண்டாகிற புண்ணைத்தான் ‘சேடில் சோர்’ என்பார்கள். தேறியவர்களுக்கு மேல் வகுப்புகளும் உண்டு. 36 மணி நேரத்தில் 1,500 மைல் ஒன்று. அதே 1,500 மைலை 24 மணி நேரத்தில் முடிப்பது இன்னொன்று. அமெரிக்காவின் ஒரு சமுத்திரக் கரையிலிருந்து மறு சமுத்திரக் கரைக்கு 50 மணி நேரத்துக்குள் போய்ச் சேருவது மற்றொன்று. இந்தப் பிரயாணத்தில் பலர் ஒரு கரையின் மணலையோ தண்ணீரையோ குப்பியில் எடுத்துக்கொண்டு போவது வழக்கம். ராமேசுவரத்து மணலைக் காசிக்கும் கங்கை ஜலத்தை ராமேசுவரத்துக்கும் கொண்டுபோகிற நம் நாட்டு யாத்திரிகர்களுக்கு இது விசித்திரமாகத் தோன்றாது.

எல்லாவற்றுக்கும் மகுடம் வைத்தாற்போல, இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை நடக்கும் பெரிய போட்டி ஒன்று இருக்கிறது. 1984-ல் முதன் முதலாக நடந்தது. 11 நாள், சுமார் 11,000 மைல். இதில் ‘யார் முதலில் வந்தார்’ என்ற பேச்சே கிடையாது. எந்தெந்த இடத்துக்குப் போனால் எத்தனை புள்ளி என்று ஒரு ஜாபிதாவைக் கையில் கொடுப்பார்கள். எல்லா இடத்துக்கும் போக முடியாது. எதை எடுத்துக்கொள்வது, எதை விட்டுவிடுவது என்று சில மணி நேரத்துக்குள் பாதையைத் தீர்மானிக்க வேண்டும். குறிப்பிட்ட நேரம் நிறுத்தி ஓய்வெடுப்பதற்கும் புள்ளி உண்டு! நன்றாகத் திட்டம் போட்டவர் ஜெயிக்கிறார். வேகமாக ஓட்டியவர் பெரும்பாலும் நடுவழியில் நின்றுவிடுகிறார்.

ரயில் பாதையில் ஓடிய மோட்டார் சைக்கிள்

இந்த ஆசை இன்று நேற்று தோன்றியதல்ல. 1903-ஆம் ஆண்டு மே மாதம் 16-ந் தேதி ஜார்ஜ் வைமன் என்ற வாலிபர் சான் பிரான்சிஸ்கோ நகரிலிருந்து நியூயார்க்குக்குப் புறப்பட்டார். அவருடைய வாகனத்தைக் கண்டால் இன்று குழந்தைகள்கூடச் சிரிக்கும். சைக்கிளில் ஒரு சிறு இயந்திரத்தை மாட்டி வைத்தது போல இருக்கும். சக்தி ஒன்றேகால் குதிரைதான். இயந்திரத்தையும் சக்கரத்தையும் இணைத்தது ஒரு தோல் வார். அந்தக் காலத்தில் அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் சாலை என்று சொல்லத்தக்கது எங்கே இருந்தது? மணலும் சேறும்தான். ஆகவே அவர் பல இடங்களில் ரயில் பாதையில் ஏறி, கட்டைக்குக் கட்டை குதித்துக்கொண்டே ஓட்டினார். நியூயார்க்கை நெருங்கும் சமயத்தில் இயந்திரம் உயிரை விட்டது. மனிதர் விடவில்லை. கடைசி 150 மைல் தூரத்தைப் பெடல் மிதித்தே கடந்து ஜூலை 6-ந் தேதி போய்ச் சேர்ந்தார். மோட்டார் பொருத்திய வாகனத்தில் அந்தக் கண்டத்தை முதன் முதலாகக் கடந்தவர் அவரே. மோட்டார் காரில் கடந்த முதல் மனிதர் நியூயார்க்குக்கு வந்தது 20 நாள் கழித்துத்தான்.

11 ஆண்டு கழித்து, 1914-ல், எர்வின் பேக்கர் என்பவர் சான் டியாகோவிலிருந்து நியூயார்க்குக்கு 11 நாள், 12 மணி, 10 நிமிஷத்தில் போய்ச் சேர்ந்தார். வைமனுக்கு 50 நாளுக்கு மேல் பிடித்த கண்டம் பேக்கருக்கு இரண்டு வாரத்துக்குள் அடங்கிவிட்டது!

1916-ல் கிளம்பிய இரண்டு சகோதரிகளின் கதை இன்னும் ருசிகரமானது. அகஸ்டா வான் பியூரன், அடலைன் வான் பியூரன் என்பது அவர்கள் பெயர். அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த மார்ட்டின் வான் பியூரனின் வம்சத்தில் வந்தவர்கள். ஐரோப்பாவில் யுத்தம் நடந்துகொண்டிருந்தது. அமெரிக்காவும் அதில் இறங்கக்கூடும் என்ற நிலை. ராணுவத்தில் தபால் கொண்டு செல்லும் மோட்டார் சைக்கிள் வீரர் வேலையைப் பெண்களும் செய்ய முடியும் என்று நிரூபிப்பதற்காக, ஆளுக்கொரு ‘இந்தியன்’ மோட்டார் சைக்கிளில் ஜூலை 4-ந் தேதி புரூக்ளினிலிருந்து புறப்பட்டார்கள். சிகாகோவுக்கு மேற்கே சில ஊர்களில் போலீசார் அவர்களைப் பிடித்து நிறுத்தினார்கள். அதிவேகத்துக்காக அல்ல, ஆண்களைப் போலக் கால்சட்டை அணிந்திருந்த குற்றத்துக்காக! சுமார் 4,300 மீட்டர் உயரமுள்ள பைக்ஸ் பீக் சிகரத்துக்கு மோட்டார் சைக்கிளில் ஏறிய முதல் பெண்கள் என்ற பெயரையும் வழியில் சம்பாதித்துக்கொண்டார்கள். சால்ட் லேக் நகருக்கு மேற்கே பாலைவனத்தில் வழி தவறி, தண்ணீர் தீர்ந்து, தற்செயலாக வந்த ஒருவரால் உயிர் பிழைத்தார்கள். செப்டம்பர் 8-ந் தேதி லாஸ் ஏஞ்சல்ஸ் சேர்ந்தார்கள். அப்படியும் ராணுவம் அவர்களை எடுத்துக்கொள்ளவில்லை. அடலைன் பிற்பாடு சட்டம் படித்துப் பட்டம் பெற்றார். அகஸ்டா விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டார்.

முதலில் வண்டி காகிதத்தில் ஓடட்டும்

இந்தக் காலத்துப் பிரயாணிக்குச் சாலை இருக்கிறது. வழி காட்டும் கருவி இருக்கிறது. வைமன் பட்ட பாடு இல்லை. ஆனால் கடிகாரம் என்னும் எஜமானன் தலைக்கு மேல் நிற்கிறான். ஆகையால் கணக்கிலிருந்து தொடங்குவோம்.

1,000 மைலை 24-ஆல் வகுத்தால் மணிக்குச் சுமார் 42 மைல், அதாவது 67 கிலோ மீட்டர் வருகிறது. “இவ்வளவுதானா?” என்று தோன்றும். ஏமாந்து போகிற இடம் இதுதான். இந்தச் சராசரியில் பெட்ரோல் போடும் நேரம், சாப்பிடும் நேரம், கண் அயரும் நேரம், மழைக்கு ஒதுங்கும் நேரம் எல்லாம் அடங்கியிருக்கின்றன. வண்டி நிற்கும்போதும் கடிகாரம் ஓடுகிறது.

அமெரிக்க நெடுஞ்சாலைகளில் பல மாநிலங்கள் மணிக்கு 70 மைல் வேகம் வரை அனுமதிக்கின்றன. நகரங்கள், சாலை வேலை நடக்கும் இடங்கள், மழை இவற்றையெல்லாம் கழித்து, ஓடும் நேரத்தில் மணிக்கு 60 மைல் என்று வைத்துக்கொள்வோம். ஓட்டத்துக்கு 16 மணி 40 நிமிஷம் போதும். கையில் 7 மணி 20 நிமிஷம் மிச்சம். இதை எப்படிச் செலவழிப்பது என்பதில்தான் பிரயாணியின் சாமர்த்தியம் இருக்கிறது.

வண்டி ஒரு முறை பெட்ரோல் போட்டால் 200 மைல் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வழியில் 4 தடவை நிறுத்த வேண்டும். ஒவ்வொரு தடவையும் 12 நிமிஷத்தில் காரியத்தை முடித்தால் மொத்தம் 48 நிமிஷம். கையுறையைக் கழற்றி, ஹெல்மெட்டைத் துடைத்து, ஒரு காப்பி குடித்து, செல்போனைப் பார்த்து, பக்கத்தில் நிற்பவரிடம் வண்டியின் பெருமையைச் சொல்லி 40 நிமிஷம் போக்கினால் மொத்தம் 160 நிமிஷம். வித்தியாசம் 112 நிமிஷம். அதை வேகத்தால் ஈடு செய்ய வேண்டுமானால், வழி நெடுக மணிக்கு ஏழரை மைல் கூடுதலாக ஓட்டியாக வேண்டும். போலீசுக்கு அபராதம், பெட்ரோலுக்குக் கூடுதல் காசு, உடம்புக்குக் கூடுதல் களைப்பு எல்லாம் ஒரு காப்பிக் கடை அரட்டைக்காக! நெடும் பிரயாணக்காரர்கள் வேகமாக ஓட்டக் கற்பதற்கு முன் வேகமாக நிற்கக் கற்றுக்கொள்கிறார்கள். எந்தப் பையில் எந்தப் பொருள் என்று தீர்மானமாக வைத்து, இருட்டிலும் கை தானாகப் போய் எடுக்கும்படி பழகுகிறார்கள்.

மிச்சப்பட்ட அந்த நேரத்தை மறுபடியும் ஓட்டத்தில் போட்டுவிடக் கூடாது. அதைத் தூக்கத்துக்கென்று சேமித்து வைக்க வேண்டும்.

கூட்டமாகப் போவதும் ஒரு யோசனைக்குரிய விஷயம். 5 பேர் சேர்ந்து போனால் ஒருவருக்குப் பசிக்கும்போது இன்னொருவருக்குப் பசிக்காது. ஒருவர் வண்டியில் பெட்ரோல் தீரும்போது மற்றவர் வண்டியில் பாதி இருக்கும். நிற்கிற நேரம் ஐந்து மடங்காகாவிட்டாலும் இரண்டு மடங்காவது ஆகிவிடும். களைத்தவர் கூச்சப்பட்டுக்கொண்டு சொல்லாமல் தொடர்ந்து ஓட்டுவார் என்பது அதைவிடப் பெரிய ஆபத்து.

சாட்சி சொல்லும் சீட்டுகள்

ஓட்டினால் மட்டும் போதாது. ஓட்டியதை நிரூபிக்க வேண்டும். சங்கம் யாருடைய வாய்ச் சொல்லையும் ஏற்பதில்லை. தேதி, நேரம், ஊர் மூன்றும் அச்சடித்த பெட்ரோல் ரசீதுதான் சாட்சி. முதல் ரசீதில் உள்ள நேரத்தில் கடிகாரம் ஓட ஆரம்பிக்கிறது. கடைசி ரசீதில் நிற்கிறது. வீட்டிலிருந்து எப்போது புறப்பட்டீர்கள் என்பது கணக்கில் சேராது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் வண்டி மீட்டர் காட்டும் தூரத்தைக் குறிப்புப் புத்தகத்தில் எழுத வேண்டும். தொடக்கத்திலும் முடிவிலும் சாட்சிக் கையெழுத்து வாங்குகிற வழக்கமும் உண்டு.

இதில் இரண்டு பள்ளங்கள் இருக்கின்றன. பல பங்க்குகளில் ரசீது இயந்திரத்தின் கடிகாரம் சரியாக இருப்பதில்லை. ரசீதைக் கையில் வாங்கியவுடனே படித்துப் பார்க்காமல் சட்டைப் பையில் திணித்தவர், 24 மணி நேர உழைப்பையும் ஒரு தவறான தேதிக்குப் பலி கொடுக்க நேரும். இன்னொன்று, பரிசோதனை செய்கிறவர்கள் ஒரு ரசீதுக்கும் அடுத்த ரசீதுக்கும் இடையே உள்ள குறுக்கு வழியைத்தான் கணக்கில் எடுப்பார்கள். சுற்று வழியில் போனவர், திரும்புகிற மூலையில் ஒரு ரசீது வாங்கியிருக்க வேண்டும். ஒரு வாழைப்பழம் வாங்கிய ரசீதாக இருந்தாலும் சரி, அது அங்கே நீங்கள் இருந்ததற்குச் சாட்சி.

வண்டி மீட்டரையும் அப்படியே நம்புவதற்கில்லை. அது 3 சதவிகிதம் கூடுதலாகக் காட்டுகிறது என்று வைத்துக்கொண்டால், 1,000 மைல் என்று காட்டும்போது உண்மையில் ஓடியது 971 மைல்தான். பரீட்சையில் தோல்வி! அதனால் முன்கூட்டியே மைல் கற்களோடு மீட்டரை ஒத்துப் பார்த்துக்கொள்வதும், 1,000-க்கு மேல் 30, 40 மைல் சேர்த்தே திட்டம் போடுவதும் விவேகிகளின் பழக்கம்.

வண்டியும் உடம்பும்

புறப்படுவதற்கு முதல் நாள் வண்டிக்குப் புது உறுப்பு எதையும் மாட்டக் கூடாது என்பது இவர்களுடைய வேத வாக்கு. புது விளக்கு, புது ஆசனம், புது ஹாரன் எல்லாம் ஒரு மாதத்துக்கு முன்பே மாட்டி, ஓட்டிப் பார்த்து, அதன் கோளாறுகளைத் தெரிந்துகொண்டிருக்க வேண்டும். முடுக்காமல் விட்ட ஒரு திருகு ஊருக்குள் இருந்தால் ஐந்து நிமிஷ வேலை. நடு ராத்திரியில், ஆளில்லாத சாலையில், அதுவே பிரயாணத்துக்கு முற்றுப்புள்ளி. டயர் தேய்மானம், காற்று, சங்கிலி, பிரேக், எண்ணெய், விளக்குகள் ஆகியவற்றை ஒரு வாரத்துக்கு முன் பார்த்து முடித்துவிட வேண்டும். பஞ்சர் ஒட்டும் சாமான்களும் காற்றடிக்கும் கருவியும் எடுத்துப் போனால் போதாது. அவற்றை உபயோகிக்க ஒரு முறையாவது வீட்டு வாசலில் பழகிப் பார்த்திருக்க வேண்டும்.

உடம்பு விஷயத்தில் தண்ணீர்தான் பிரதானம். ஓடும் வண்டியில் காற்று வியர்வையை உடனுக்குடன் உலர்த்திவிடுவதால், எவ்வளவு நீர் இழந்தோம் என்று பிரயாணிக்குத் தெரிவதே இல்லை. தலை வலித்த பிறகு குடிப்பது காலம் கடந்த வைத்தியம். முதுகுப் பையிலோ டாங்க்கின் மேலோ தண்ணீரை வைத்து, குழாய் மூலம் அடிக்கடி ஒரு வாய் குடித்துக்கொண்டே போகிறார்கள். வெயில் கடுமையாக இருந்தால் சட்டையைத் திறந்துவிடத் தோன்றும். உடம்பின் சூட்டைவிடக் காற்றின் சூடு அதிகமாகும்போது அப்படிச் செய்வது அடுப்பின் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு அதன் எதிரே உட்காருவதற்குச் சமம். அப்போது உடம்பை மூடி, உள்ளே ஈரத் துணி அணிவதுதான் குளிர்ச்சி தரும்.

சாப்பாடு வயிற்றை நிரப்பக் கூடாது. வயிறு நிறைய உண்ட பிறகு கண்ணைச் சொக்குவது எல்லாரும் அறிந்ததே. உலர்ந்த பழம், வேர்க்கடலை, வாழைப்பழம் என்று கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி சாப்பிடுவதே நல்லது. கூட்டம் சாப்பிடும் வேளையில் ஓட்டலுக்குள் நுழையாமல், முன்னாலோ பின்னாலோ போனால் அரை மணி நேரம் லாபம்.

சாலையில் ஒளிந்திருக்கும் எதிரி

இவ்வளவும் சரியாக இருந்தும் பிரயாணியை வீழ்த்துகிற எதிரி ஒன்று உண்டு. அதுதான் தூக்கம்.

17 மணி நேரம் விழித்திருந்த ஒருவனுடைய கையும் கண்ணும் ஒத்துழைக்கும் திறன், ரத்தத்தில் 100 மில்லி லிட்டருக்கு 50 மில்லி கிராம் சாராயம் கலந்தவனுடைய நிலைக்கு இறங்கிவிடுகிறது என்று ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் 1997-ல் வெளியிட்ட பரிசோதனை காட்டியது. 24 மணி நேரம் விழித்திருந்தால் அது 100 மில்லி கிராமுக்குச் சமம். நம் நாட்டு மோட்டார் வாகனச் சட்டம் வாகனம் ஓட்டுகிறவருக்கு வைத்திருக்கும் எல்லை 30 மில்லி கிராம். ஒரு சொட்டும் குடிக்காதவர், வெறும் விழிப்பினாலேயே அந்த எல்லையைத் தாண்டிய குடிகாரனுக்குச் சமமாகிவிடுகிறார்.

இதை வைத்துத் திட்டத்தைப் பாருங்கள். ஆபீஸ் வேலையை முடித்துவிட்டு மாலை 6 மணிக்குப் புறப்படுகிறவர், காலை 6 மணிக்கு எழுந்தவராக இருந்தால், ஏற்கெனவே 12 மணி நேரம் விழித்திருக்கிறார். 5 மணி நேரம் ஓட்டுவதற்குள் அபாயக் கோட்டைத் தொட்டுவிடுவார். அதற்கப்புறம் இரவு 2 மணியிலிருந்து விடியும் வரை, எந்த உடம்பும் தானாகவே தூக்கத்துக்கு ஏங்கும் நேரம் காத்திருக்கிறது. முன்னிரவில் நன்றாகத் தூங்கி, விடியற்காலை 3 மணிக்கு எழுந்து, 4 மணிக்குப் புறப்படுகிறவருக்கு 17-ஆவது மணி இரவு 8 மணிக்குத்தான் வருகிறது. அதற்குள் 16 மணி நேர ஓட்டமும் நிறுத்தமும் முடிந்திருக்கும். முன் சொன்ன கணக்குப்படி முக்கால் பங்குக்கு மேல் தூரம் கடந்திருக்கும். இதே வண்டி, இதே சாலை, இதே மனிதர். புறப்படும் நேரம் ஒன்றே உயிருக்கும் சாவுக்கும் நடுவே நிற்கிறது.

தூக்கம் கதவைத் தட்டிக்கொண்டு வருவதில்லை. கண் திறந்தபடியே மூளை மூன்று, நான்கு விநாடி அணைந்துவிடும். மணிக்கு 60 மைல் வேகத்தில் 4 விநாடி என்பது 107 மீட்டர். அத்தனை தூரத்துக்கு அந்த வண்டியை யாருமே ஓட்டவில்லை! காரில் இருப்பவருக்காவது நான்கு சக்கரமும் இரும்புக் கூடும் உண்டு. இரண்டு சக்கரக்காரருக்கு என்ன இருக்கிறது?

ஆகவே முன் அறிகுறிகளைக் கற்றுக்கொள்கிறார்கள். ஒரே வேகத்தில் ஓட்ட முடியாமல் வேகம் ஏறி இறங்குவது, எதிரே வண்டி வந்தும் விளக்கைத் தாழ்த்த மறப்பது, கடந்துவந்த ஊர் நினைவில் இல்லாமல் போவது, பங்க்கில் நின்றுகொண்டு அடுத்து என்ன செய்வது என்று தடுமாறுவது ஆகிய இவற்றில் ஒன்று கண்டாலும் நிறுத்திவிட வேண்டும். வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள பத்திரமான இடத்தில், அலாரம் வைத்துக்கொண்டு 20, 30 நிமிஷம் கண் அயர்ந்தால், அடுத்த இரண்டு மணி நேரத்துக்குத் தெளிவு கிடைக்கும். அதற்கும் மசியாத களைப்பு என்றால் அறை எடுத்துத் தூங்குவதைத் தவிர வேறு மருந்தில்லை. விழித்திருக்க மாத்திரை சாப்பிடுவது கண்டிப்பாகக் கூடாது. காப்பி வேலை செய்ய அரை மணி நேரம் பிடிக்கும். அதுவும் கடன் வாங்கிய விழிப்புதான்.

நம் சாலையில் கணக்கு என்ன?

நம் நாட்டிலும் இந்தச் சான்றிதழைப் பெற்றவர்கள் பலர் இருக்கிறார்கள். டெல்லி, மும்பை, சென்னை, கல்கத்தா ஆகிய நான்கு நகரங்களையும் இணைக்கும் தங்க நாற்கரச் சாலையின் நீளம் 5,846 கிலோ மீட்டர். அது வந்த பிறகு இந்த ஆசை வளர்ந்தது இயற்கையே. என்றாலும் அமெரிக்கக் கணக்கை அப்படியே இங்கே ஒட்ட வைக்க முடியாது.

மத்திய அரசு 2018-ல் வெளியிட்ட அறிவிப்பில், நான்கு வழிச் சாலையில் மோட்டார் சைக்கிளுக்கு மணிக்கு 80 கிலோ மீட்டர் என்று உச்ச வரம்பு வைத்தது. மாநிலங்கள் அதைக் குறைக்கவும் செய்யலாம். ஒரு விநாடிகூடக் குறையாமல் 80-லேயே ஓட்டினாலும் 1,609 கிலோ மீட்டருக்கு 20 மணி 7 நிமிஷம் ஆகும். அப்படி ஓட்ட யாராலும் முடியாது. ஓடும் நேரச் சராசரி 70 என்றால் 22 மணி 59 நிமிஷம். மிச்சம் 1 மணி 1 நிமிஷம்! அதில் பெட்ரோல் போடுவதா, சாப்பிடுவதா, தூங்குவதா? சராசரி 65-க்கு இறங்கினால் நிற்காமலே ஓட்டினாலும் கெடு தாண்டிவிடும். அமெரிக்கப் பிரயாணிக்குக் கிடைத்த 7 மணி 20 நிமிஷம் இங்கே இல்லை. வேக வரம்பை மீறாமல் நம் சாலையில் இந்தப் பரீட்சைக்கு உட்காருவது எவ்வளவு நெருக்கடியானது என்பதை இந்த ஒரு கணக்கே சொல்லிவிடுகிறது.

வேறு வித்தியாசங்களும் உண்டு. தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச் சாவடிகளில் இரண்டு சக்கர வண்டிக்குக் கட்டணம் இல்லை. சந்தோஷமான செய்திதான், ஆனால் கட்டணம் இல்லாததால் ரசீதும் இல்லை! சாட்சிக்குப் பெட்ரோல் ரசீதையும் ஏ.டி.எம். சீட்டையும்தான் நம்ப வேண்டும். மும்பை-புனே விரைவுச் சாலை போன்ற சில சாலைகளில் இரண்டு சக்கர வண்டிகளை விடவே மாட்டார்கள். பழைய சாலையில் போகும் நேரத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டும். இரவில் விளக்கில்லாமல் ஓரத்தில் நிறுத்தியிருக்கும் லாரி, எதிர்த் திசையில் வரும் டிராக்டர், சாலை நடுவே அசை போட்டுப் படுத்திருக்கும் மாடு, வெள்ளைக் கோடு அழிந்துபோன வேகத் தடை, சாலையில் உலர்த்தியிருக்கும் தானியம் என்று எந்த வரைபடத்திலும் குறிக்காத தடைகள் ஏராளம். இருட்டிய பிறகு ஓட்டும் நேரத்தை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைப்பது நம் சாலைக்கு ஏற்ற திட்டம்.

அதனால் நெடும் பிரயாண ஆசையை விட்டுவிட வேண்டுமா? வேண்டியதில்லை. ஒரே நாளில் 300 கிலோ மீட்டர் ஓட்டிப் பழகியவர் அடுத்த முறை 450, அதற்கப்புறம் 600 என்று படிப்படியாக ஏறட்டும். எத்தனையாவது மணியில் முதுகு வலிக்கிறது, எப்போது கவனம் சிதறுகிறது, எந்தச் சாப்பாடு ஒத்துக்கொள்கிறது என்பதெல்லாம் இந்தச் சிறு பிரயாணங்களில்தான் தெரியும். கடிகாரம் இல்லாத பெரும் பிரயாணங்களும் உண்டு. தெரசா வாலக், புளோரன்ஸ் பிளெங்கிரன் என்ற இரண்டு பெண்கள் 1934 டிசம்பரில் லண்டனிலிருந்து புறப்பட்டு, சகாரா பாலைவனத்தைத் தாண்டி, 1935 ஜூலையில் கேப் டவுன் சேர்ந்தார்கள். டெட் சைமன் என்ற பத்திரிகையாளர் 1973-ல் லண்டனை விட்டுக் கிளம்பி, இந்தியா உள்படப் பல தேசங்களைச் சுற்றிவிட்டு 1977-ல்தான் வீடு திரும்பினார். அவர்களை எந்தக் கடிகாரமும் துரத்தவில்லை.

திட்டத் தாளின் கடைசி வரி

24 மணி நேரமோ, மூன்று நாளோ, எந்தப் பிரயாணத்துக்கும் திட்டத் தாளில் சில வரிகள் கட்டாயம் இருக்க வேண்டும். புறப்படும் நேரம், ஒவ்வொரு பெட்ரோல் நிறுத்தத்தின் ஊர், அது மூடியிருந்தால் அடுத்த பங்க், ஒவ்வொன்றிலும் தங்கும் நிமிஷம், கண் அயரும் இடம் ஆகியவை அதில் வரட்டும். ஒரு பிரதி வீட்டில் இருக்கட்டும். எந்தெந்த ஊரிலிருந்து செய்தி வரும் என்று வீட்டாருக்குத் தெரிய வேண்டும். ரத்தப் பிரிவும் வீட்டு டெலிபோன் எண்ணும் எழுதிய சீட்டு சட்டைப் பையில் இருக்கட்டும். அவசர உதவிக்கு 112, தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033 என்ற எண்களை மனப்பாடம் செய்துகொள்ளலாம்.

பலர் எழுதாமல் விடுகிற வரி ஒன்று இருக்கிறது. எந்த ஊரில், எந்த நிலைமையில் பிரயாணத்தைக் கைவிடுவது என்பதே அது. “இரவு 10 மணிக்குள் இந்த ஊரைத் தாண்டாவிட்டால் இங்கேயே அறை எடுத்துத் தூங்குவேன்” என்று வீட்டில், தெளிந்த மூளையோடு, முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். ஏனென்றால் அந்த நேரம் வரும்போது தீர்மானிக்க வேண்டிய மூளை 17 மணி நேரம் விழித்த மூளையாக இருக்கும். 850 மைல் ஓட்டியாகிவிட்டது, இன்னும் 150 மைல்தானே என்று அது வாதாடும். வைமனுக்கும் கடைசியில் மிச்சமிருந்தது அதே 150 மைல்தான். ஆனால் அவர் மிதித்தது பெடல். களைத்த இடத்தில் காலை ஊன்றி நின்றுகொள்ளலாம். இவருடைய வண்டி அப்படித் தானாக நிற்காது.

இந்த மாதம் நழுவிய 1,000 மைல் அடுத்த மாதமும் அதே சாலையில் அப்படியே கிடக்கும். அதைத் தேடிப் போக ஆள் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.